வாசனை தெரியாமல் வைத்த குழம்பு

ஜனவரி 12, ஞாயிறு

இன்றைக்குக் கறி உருண்டைக் குழம்பு. ஓர் உருண்டைகூட உடையவில்லை. குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றாக நழுவவிட்டு, கரண்டியே போடாமல், சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து லேசாக ஆட்டிவிட்டேன். எல்லாம் முழுசாக மிதந்து வந்தன. கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் நான் இன்னும் பழைய ஆள்தான்.

மூக்குக்குத் தெரிய வேண்டியவைதான் போய்விட்டன. மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு போன வாசனை இன்னும் திரும்பவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? உப்பும் உறைப்பும் நாக்கின் ஓரத்தில் ஏதோ கொஞ்சம் தெரிகின்றன. மற்றதெல்லாம் வெந்நீர் குடிப்பது போலத்தான். மசாலாவின் பச்சை வாசனை போகும்வரை வதக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! இப்போது அது போனதா இல்லையா என்று எண்ணெய் பிரிவதைப் பார்த்துத்தான் ஊகிக்கிறேன்.

அதனால்தான் டாக்டர் அப்படிச் சொன்ன அன்றைக்கே இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். இனிமேல் உங்கள் நாக்குதான் எனக்கு நாக்கு, நன்றாக இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும், சமைப்பதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள் என்று. என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். அதற்கப்புறம்தான் மறுபடி அடுப்படிக்குள் போனேன்.

இன்றும் கரண்டியை நீட்டினேன். "சரியா இருக்கு" என்றார். மத்தியானம் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். சாயந்திரம் மகளையும் கூட்டிக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே ஏதோ கதவு சரியாகச் சாத்தவில்லையாம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கதவுதான்.

ஜனவரி 15, புதன்

நான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் இஸ்திரிக்காரர் ஒரு கோட்டைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, இதுல பூசண நாத்தம் போகவே இல்ல. திரும்பப் போடுங்க." போட்டேன். அவருக்கு வேலை முடிந்தது, எனக்கும் முடிந்தது.

ஜனவரி 20, திங்கள்

இவருக்கு நேற்று சாயந்திரத்திலிருந்து வயிற்றைப் புரட்டிப் புரட்டி எடுக்கிறது. வேலைக்குப் போகவில்லை. டீக்கடையில் எதையோ வாங்கித் தின்றாராம். நன்றாகத் திட்டினேன். வீட்டில் கறி உருண்டைக் குழம்பு வைத்துக் காத்திருக்கிறேன், டீக்கடை எதற்கு? தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். மகள் தான் வேலை பார்க்கிற மருந்துக்கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்தாள். எனக்கும் இரண்டு கொடுத்து, "நீயும் போட்டுக்கோம்மா, சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றாள். எனக்கும் லேசாகக் கலக்கமாகத்தான் இருந்தது. எப்படித் தெரிந்ததோ இவளுக்கு. என்ன கரிசனம்!

கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதை மட்டும் முழுசாகக் குடித்தார்.

ஜனவரி 29, புதன்

மகள் வாய் திறந்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பையன். எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாம் தேதி இரண்டு பேரும் சாப்பிட வருகிறார்கள்.

உடனே சொல்லிவிட்டேன், கறி உருண்டைக் குழம்புதான் என்று. மகள், "எதுக்கும்மா சிரமம், வெளியில ஆர்டர் பண்ணிக்கலாமே" என்றாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஹோட்டல் சாப்பாடா? இந்த வீட்டுக்கு வந்து யார் அப்படிச் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள்?

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த செருப்பு.

பிப்ரவரி 8, சனி

நாளைக்கு. சின்ன வெங்காயம் உரித்து வைத்தாயிற்று. அரைக்க மாட்டேன், கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கித்தான் கறியில் பிசைவேன். அரைத்தால் உருண்டை ரப்பர் பந்து மாதிரி ஆகிவிடும். நறுக்கினால்தான் கடிக்கும்போது நடுவில் சாறு இருக்கும். தங்கை இதைக் கேட்கவே மாட்டாள். எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஒரு சுற்று. அவள் உருண்டைகளைப் பார்த்தால் அச்சில் வார்த்தது போல இருக்கும்.

மகளின் முகமே சரியில்லை. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பெண்ணுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவர்கள் போய்விட்டார்கள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

காலையில் நானே போய்க் கறிக்கடையில் நின்று, கண் முன்னால் கொத்தவைத்து வாங்கினேன். கழுவி, வடிகட்டி, துணியில் கட்டிப் பிழிந்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், சோம்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. இடுப்பு கடுக்கக் கடுக்க உருட்டினேன். என் உருண்டை எப்போதும் ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். என் உள்ளங்கை அப்படி. குழம்பு கூட்டிக் கொதிக்கவிட்டு எல்லாவற்றையும் போட்டு இறக்கிவிட்டேன். இவரை ருசி பார்க்கக் கூப்பிட்டேன். ஃபோனில் இருந்தார், அப்புறம் பார்க்கிறேன் என்று கையைக் காட்டினார்.

தங்கை சீக்கிரமே வந்துவிட்டாள். ஒரு பெரிய பை, மேலே பழங்கள். அவள்தான் சொன்னாள், "நீ போய்க் குளிச்சுட்டு நல்ல புடவையா கட்டிக்கோக்கா. அடுப்படிய நான் பாத்துக்கறேன்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டே குளித்தேன். தலையைத் துவட்டும்போது பின்பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்தேன்.

வந்தார்கள். பையன் சாது. அவன் அம்மா வாசலில் நுழையும்போதே ஓடுகிற பஸ்ஸில் பேசுகிற குரலில் பேசினார். எனக்குப் பிடித்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தோம். நான்தான் பரிமாறினேன். என் சட்டி, என் மூடி, என் கரண்டி. பையனின் அம்மா முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடித் திறந்தார். "சம்பந்தி, நான் ஊரெல்லாம் சாப்பிட்டவ. இப்படி ஒரு உருண்டை சாப்பிட்டதில்ல" என்றார். இன்னும் எதுவும் பேசி முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தி! மகளுக்கு முகம் சிவந்தது. இவர் சிரித்தார். எனக்கு உடம்பு முழுக்கக் குளிர்ந்தது.

அப்புறம் நான் சாப்பிட்டேன்.

ருசி தெரியாதவளுக்கும் பல் இருக்கிறது. கடித்தேன். வெங்காயம் இல்லை. சாறு இல்லை. மழமழவென்று, ஒரே மாதிரி. தட்டைப் பார்த்தேன். எல்லாம் உருண்டை. ஒரு பக்கம்கூடத் தட்டை இல்லை. அச்சில் வார்த்தது போல.

நிமிர்ந்து பார்த்தேன். தங்கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இவர் தண்ணீர் குடித்தார். மகள் மட்டும் என்னையே பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்மா என்று. இப்போது வேண்டாம் என்று.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த அம்மாள் கேட்க வேண்டும்? "வெங்காயத்த அரைச்சுப் போட்டீங்களா, நறுக்கிப் போட்டீங்களா?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னேன். "அரைச்சேன்."

என் வாயாலேயே சொன்னேன்.

அவர்கள் போனதும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்குப் போனேன். நன்றாகக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனால் தண்ணீர் போகிற ஓட்டைச் சல்லடைமேல் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. பாதி கரைந்து, சோப்பு நுரையோடு. எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். நறுக்கிய வெங்காயம்.

பிப்ரவரி 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. இவரையும் போக விடவில்லை. மகள் மருந்துக்கடைக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம், துக்க வீட்டில் உட்காருவது போல.

நான் கத்தவில்லை. கத்துவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எத்தனை நாளாய் என்று கேட்டேன். மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். ஒரு நாள் அடி பிடித்திருக்கும், ஒரு நாள் மசாலா பச்சையாகவே இருக்கும். பாதியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தங்கை வீட்டில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. சாப்பாடு. அப்பாவும் பெண்ணும் அங்கே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவு நன்றாகச் சாத்துகிறது என்று என்னிடம் சொல்வார்கள். நானும் பாவம் களைத்து வந்திருக்கிறாரே என்று வெந்நீர் போட்டுக் கொடுப்பேன்.

ஜனவரியில் டீக்கடை என்றாரே, அது டீக்கடை இல்லை. நான் வாங்கிவைத்த கறி கெட்டுப்போயிருந்தது.

"வாயில வெச்சதுமே தெரிஞ்சுது" என்றார்.

தெரிஞ்சும் எதுக்குச் சாப்பிட்டீங்க?

"நீ எதிர்ல உக்காந்து என் முகத்தையே பாத்துட்டிருந்தே."

நானுந்தானே சாப்பிட்டேன்! கெட்டுப்போன கறிய நான் தட்டுல போட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டேனே, பாத்துட்டுத்தானே இருந்தீங்க? மகள்தான் சொன்னாள், அதனால்தான் மாத்திரை கொடுத்தேன் என்று. கரிசனம்னு எழுதி வெச்சிருக்கேன் அன்னைக்கு. படிச்சுப் பாத்தேன். பக்கத்தைக் கிழிச்சுடலாமான்னு வந்துது. கிழிக்கல.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ அழுவே" என்றார். வாசனை போனபோது நான் அழுத அழுகையை மறுபடி பார்க்கத் தெம்பு இல்லையாம். அழுதா என்ன? அழுதுட்டுப் போறேன். அழுது முடிச்சுட்டு அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வதக்குவேன். வாங்கின கறிய யார்கிட்டயாவது காட்டிக் கேப்பேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நேத்து நான் வெச்சது எப்படி இருந்துச்சு?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாரும் ருசி பார்க்கவில்லை. அப்படியே கொட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சமைக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் இல்லை. இவர் முட்டை பொரிக்கிறார். ரொட்டி வாங்கி வருகிறார். என் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நான் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது தெரிகிறதா, எதிரில் உட்கார்ந்து ஒருவர் பார்த்தால் எப்படி இருக்கும் என்று?

கடையில் இஸ்திரிக்காரர், ஏன் டிபன் பாக்ஸ் கொண்டுவருவதில்லை என்று கேட்டார். சட்டென்று எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை மாதமாக என் டப்பாவிலிருந்து ஒரு வாய்கூட இந்த மனுஷர் வாங்கிக்கொண்டதில்லையே. இவருக்கும் தெரிந்திருக்குமோ? ஊருக்கே தெரிந்து எனக்கு மட்டும்தான் தெரியாதோ? கேட்டேவிட்டேன், என் சாப்பாடு நாறுமா, அதனால்தான் வேண்டாம் என்பீர்களா என்று.

"நான் சைவம்க்கா" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்தது அழுகையாகிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார். அவருடைய சட்டையிலேயே கண்ணைத் துடைத்திருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளாகவே வந்து கூடத்து ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவள் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாளாம். இவர் கெஞ்சினாராம். மகள் அழுதாளாம், வருகிறவர்கள் சாப்பிட்டு அவர்களுக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்துவிட்டால் என் கல்யாணம் என்ன ஆவது சித்தி என்று. அதைக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாளாம். எல்லாம் எனக்காகத்தானாம்.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். உன் வீட்டுப் பாத்திரத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கலாம். அக்காவுக்கு முடியவில்லை, நான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்திருக்கும், அவ்வளவுதான். ஏன் என் சட்டியில் ஊற்றினாய்?

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு சொன்னாள். "மாமாதான்கா சொன்னார். உனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு."

ஓ.

மாமா உள்ளே குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். காதில் விழாதது போல.

தங்கை போகும்போது என் தோளைத் தொட்டாள். நகர்ந்துகொண்டேன். அவளைச் சின்ன வயதில் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் நான், ஆனாலும் நகர்ந்துகொண்டேன். எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அவள் திரும்பி வந்து தொட்டாலும் நகர்வேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பையனின் அம்மா ஃபோன் செய்தார். கடைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குரல் மறுமுனையிலிருந்து தெருவரை கேட்டது. தேதி பார்க்கலாமா என்று கேட்டார். பிறகு, "அந்தக் குழம்பு நாக்கைவிட்டுப் போகவே மாட்டேங்குது. ஒரு நாள் வரேன், பக்கத்துல நின்னு சொல்லிக்குடுங்க" என்றார்.

வாங்க வாங்க என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். தங்கையிடம் அளவுகள் கேட்டு நானே செய்து காட்டியிருக்கலாம். அப்படித்தானே எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது இந்த வீட்டில்?

"அது நான் வெச்ச குழம்பு இல்லீங்க" என்றேன்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. மூக்கு, கெட்டுப்போன கறி, சல்லடைமேல் கிடந்த உருண்டை, அரைச்சேன் என்று நான் சொன்ன பொய், எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பஸ் நின்றுவிட்டது போல இருந்தது. நம் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவர் சொன்னார். "அப்போ உங்க குழம்ப நான் இன்னும் சாப்பிடவே இல்லையே."

பிப்ரவரி 21, வெள்ளி

மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அம்மா தன் மானத்தை வாங்கிவிட்டாளாம். பையன் அவளிடம், என்ன இப்படி ஏமாத்தியிருக்கீங்க என்று சிரித்துக்கொண்டே கேட்டானாம். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லையாம்.

கதவுக்கு வெளியே நின்று சொன்னேன், "என்னைப் பாத்து மூணு பேர் சிரிச்சப்போ எப்படி இருந்திருக்கும் எனக்கு?"

"நாங்க சிரிக்கலம்மா. ஒரு நாள்கூடச் சிரிக்கல" என்றாள் உள்ளேயிருந்து.

அது உண்மையாகத்தான் இருக்கும். அவர்கள் சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்குமோ என்னவோ.

மார்ச் 2, ஞாயிறு

சம்பந்தி அம்மாள் வந்தார். இனி அப்படியே கூப்பிடலாம், தேதி முடிவாகிவிட்டது. கூட யாரையும் அழைத்து வரவில்லை. வந்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டார். இவரும் மகளும் கூடத்திலேயே இருந்தார்கள். டிவி ஓடியது, சத்தமில்லாமல்.

அத்தனை நாளுக்கு அப்புறம் கறியைக் கையில் எடுத்தேன். முதலில் அவர் மூக்கருகில் கொண்டுபோனேன். "நல்ல கறி. தைரியமா பிசைங்க" என்றார். வெங்காயம் நறுக்கினேன். உருட்டினேன். அவரும் உருட்டினார், எலுமிச்சங்காய் அளவுக்கு. இவ்வளவு பெரிதாக இருந்தால் உள்ளே வேகாது என்றேன். சரி என்று பிய்த்துச் சின்னதாக உருட்டினார்.

மசாலா வதக்கும்போது எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வந்தது. போதும் என்று தண்ணீர் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க. பச்சையாத்தான் இருக்கு. மல்லி வாடை அப்படியே அடிக்குது." காத்திருந்தேன். இன்னும், இன்னும் என்றார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, நிறம் மட்டும் ஒரு துளி மாறியது. "இப்போ" என்றார். அந்த நிறத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஈரச் செங்கல் நிறம். எண்ணெய் பிரிந்தால் போதும் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேனே. ஒருவர், ஒரே ஒருவர், பச்சையாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இதைப் போன வருஷமே கண்டுபிடித்திருப்பேன்.

குழம்பு இறங்கியதும் அவர் ஓர் உருண்டையை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

"உருண்டை உங்க தங்கச்சி உருண்டையவிட நல்லா இருக்கு. குழம்பு சுமார்தான். புளிப்பு தூக்குது" என்றார்.

சுமார்தான்! எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று யாரிடம் சொல்வேன். காலில் விழுந்திருப்பேன், அவர் நகர்ந்திருப்பார்.

கூடத்தில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அந்தக் குரல் அப்படி.

மார்ச் 10, திங்கள்

இவர் இன்று பேசினார். காலையில் நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசினார். நேருக்கு நேர் பேச முடியவில்லை போலிருக்கிறது.

"உனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னது தப்பு" என்றார்.

நான் அதற்கு, குழம்பைக் கொட்டினதைக்கூட மறந்துவிடலாம், அந்தச் சத்தியம்தான் மறக்கவில்லை என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு செய்தாரே. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் கரண்டியை நீட்டியது அந்தக் கையை நம்பித்தான். என் மூக்கு ஒரு நாளில் போனது. இது வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே.

அவர் கண் கலங்கியது. நான் பின்னலை முடித்து, கடைக்குக் கிளம்பினேன். நேரமாகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடி சமைத்தேன். இவரைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து நின்றார், கரண்டி வேண்டும் என்பது போலக் கையை வைத்துக்கொண்டு. கொடுத்தேன். உதட்டைச் சுழித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க ஒரு பெரிய வேலை செய்கிற மாதிரி நின்று, "உப்பு ஜாஸ்தி" என்றார்.

உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டேன். நான் அழவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அழுகிறேனா என்று.

தங்கை ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கறி உருண்டைக் குழம்பு. மசாலாவை ஈரச் செங்கல் நிறம் வரும்வரை விட்டேன். புளி குறைத்தேன். இவர் வந்து ருசி பார்த்தார். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. "நல்லா இருக்கு. நிஜமா நல்லா இருக்கு" என்றார். மகளும் அப்படியே சொன்னாள். இரண்டு பேரும் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. நான் தட்டுகளைப் பார்த்தேன், குப்பைக் கூடையையும் பார்த்தேன்.

பிறகு முன்னாலேயே எடுத்துவைத்திருந்த கொஞ்சத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சம்பந்தி அம்மாள் வாசலிலேயே நின்று, கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். டப்பாவைக் கழுவிக் கொடுத்தார். திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காம்."

"நானும் அதத்தானே சொன்னேன்."

"ஆமா" என்றேன்.

அவர் குழாயைத் திறந்து சட்டியை அலம்பினார். நான் துணியை எடுத்து, அவர் நீட்ட நீட்ட ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தேன்.